பாக்கெட் பாக்டீரியாவும் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு கல்யாண மண்டபத்து செப்டிக் டேங்க் நிரம்பி நாற ஆரம்பித்தால் அதற்கு மூன்று வைத்தியம் உண்டு. ஒன்று, லாரியைக் கூப்பிடுவது. இரண்டு, ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுவது. மூன்றாவது கொஞ்ச காலமாகப் பரவி வருவது: பாக்கெட்டில் விற்கும் பாக்டீரியாப் பொடியை வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கக்கூஸில் ஊற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவது. முதல் இரண்டு வைத்தியத்தின் மேலும் யாருக்கும் பெரிய மரியாதை கிடையாது. மூன்றாவது மட்டும் "விஞ்ஞானம்" என்று சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அந்தச் சட்டையைக் கொஞ்சம் பிடித்து இழுத்துப் பார்ப்போம்.

பாக்கெட் சொல்வது என்ன? "ஒரு கிராமில் இத்தனை கோடி பாக்டீரியா. இவை கழிவைத் தின்றுவிடும்." அவ்வளவுதான். சினிமா ஹீரோ மாதிரி. ஊருக்குள் தனியாக வருவார், வில்லன்களை அடித்துத் துவைப்பார், போய்விடுவார்.

பொடியில் இருப்பவை பெரும்பாலும் பேசில்லஸ் வகையின் வித்துகள். ஏன் அதையே போடுகிறார்கள்? கழிவைத் தின்பதில் அது சூரன் என்பதால் அல்ல. காயவைத்துப் பொடியாக்கி, கடை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தாலும் சாகாது என்பதால். அதாவது தேர்வுக்கு அடிப்படை, டேங்குக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது அல்ல. கடைக்குள் என்ன நடக்கக் கூடாது என்பது! செப்டிக் டேங்கின் கடைசி வேலையைச் செய்பவை மீத்தேன் நுண்ணுயிர்கள். அவை காற்றுப் பட்டால் தாங்காத ஜாதி. அவற்றைப் பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைத்து அலமாரியில் அடுக்க முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்). மனிதன் காலையில் கழிக்கும் மலத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் 10 ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கிறது. தினமும், இலவசமாக, டோர் டெலிவரி. இந்தக் கூட்டத்துக்குள் ஒரு பொட்டலம் பொடியைப் போடுவது, ஆடிப்பூரத் தேர் கூட்டத்துக்குள் நாலு பேரை அனுப்பி "கூட்டம் சேர்த்துவிட்டேன்" என்று பில் போடுகிற மாதிரி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதையே நாகரிகமாகச் சொல்கிறது: செப்டிக் டேங்குக்கு இப்படிப்பட்ட சேர்ப்புப் பொருள்கள் பொதுவாகத் தேவையில்லை.

எண்ணிக்கைச் சண்டையைக்கூட விட்டுவிடலாம். இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்வது ஒரு பாக்டீரியாவின் திறமை என்று நினைப்பதுதான் அது. அது ஒரு தெருவின் வேலை.

எந்தத் தெருவிலும் எல்லா வீட்டிலும் கறிவேப்பிலை மரம் இருப்பதில்லை. ஒரு வீட்டில் இருக்கும், பத்து வீடு பறித்துக்கொள்ளும். நுண்ணுயிர்களின் தெருவில் வைட்டமின்கள் அப்படித்தான் புழங்குகின்றன. அதிலும் பி12-இன் கதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

பி12-ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை, காளானும் செய்வதில்லை. சில பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் மட்டும் செய்கின்றன. நடுவில் ஒரு கோபால்ட் அணு, அதைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி ஒரு வளையம். 1948இல் கல்லீரலில் இருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். உருவம் எப்படி என்று கண்டுபிடிக்க டோரதி ஹாட்ஜ்கினுக்கு எக்ஸ் கதிர்களோடு பல ஆண்டுகள் ஆயின. 1964இல் அவருக்கு நோபல் கிடைத்தது. சோதனைச் சாலையில் அடியில் இருந்து கட்டி முடிக்க வுட்வேர்டும் எஷன்மோசரும் நூறு பேர் படையோடு பத்தாண்டுக்கு மேல் மல்லுக்கட்டி, 1970களின் தொடக்கத்தில்தான் முடித்தார்கள். இதை ஒரு பாக்டீரியா ஏறக்குறைய 30 படிகளில் செய்து முடிக்கிறது. 30 படி என்றால் 30 நொதி. அத்தனைக்கும் மரபணு வேண்டும், சக்தி வேண்டும், கோபால்ட் வேண்டும். சின்னக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற செலவா இது?

இல்லைதான். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுமார் 11 ஆயிரம் பாக்டீரியா மரபுத்தொகுதிகளை அலசியது. அவற்றில் 86 சதவீதத்துக்கு பி12 குடும்பத்துச் சேர்மங்களைப் பயன்படுத்தும் ஏதாவது ஒரு நொதி இருக்கிறது. ஆனால் அடியில் இருந்து தானே செய்துகொள்ளக் கூடியவை 37 சதவீதம்தான். மீதி? பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைதான். சில, பாதி சமைத்ததை எடுத்து வந்து வீட்டில் தாளித்துக்கொள்ளும். சில, முழுதாகவே இரவல்.

உடனே "ஆஹா, என்ன ஒரு ஒற்றுமை, என்ன ஒரு அன்பு" என்று யாரும் உருக வேண்டாம். இது தர்மம் இல்லை, கசிவு. ஒரு செல் செத்து உடைகிறது, அதை வைரஸ் வெடிக்க வைக்கிறது, இன்னொன்றைப் புரோட்டோசோவா மென்று துப்புகிறது. உள்ளே இருந்தது வெளியே வருகிறது. வெளியே சும்மா கிடைக்கும் பொருளைச் செய்யும் மரபணுவை எவன் சுமப்பான்? தலைமுறை தலைமுறையாக அதைத் தொலைத்தவன் இலேசாகி முன்னே ஓடுகிறான். 2012இல் மோரிஸ், லென்ஸ்கி, ஜின்சர் மூவரும் இதற்குக் 'கறுப்பு ராணிக் கருதுகோள்' என்று பெயர் வைத்தார்கள். ஹார்ட்ஸ் என்ற சீட்டாட்டத்தில் இஸ்பேட் ராணி யார் கையில் மாட்டுகிறதோ அவருக்கு 13 புள்ளி அபராதம். எல்லோரும் அவளைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். ஆனால் சீட்டுக்கட்டில் அவள் இருந்தே தீர வேண்டும், யாராவது ஒருவர் சுமந்தே தீர வேண்டும். ஆக, இந்தத் தெருவில் எவனும் நல்லவன் இல்லை, எவனும் தனியாகப் பிழைக்கவும் முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரே ஒரு ஜாதியைப் பொறுக்கிப் பாக்கெட்டில் அடைப்பவரை என்னவென்று சொல்வது?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பி12 குடும்பத்தில் பல சாடைகள். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு மாறினால் ஒருவனுக்குப் பிடித்தது அடுத்தவனுக்கு ஆகாது. ஸ்பைருலினா மாத்திரையில் "பி12 நிறைய" என்று விற்கிறார்களே, அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12; மனித உடம்புக்கு உதவாது. சாவி மாதிரிதான் இருக்கும், பூட்டுத் திறக்காது. டேங்குக்குள்ளும் இதே கதைதான். "வைட்டமின் இருக்கிறது" என்பது போதாது, எந்தப் பக்கத்து வீடு என்பதும் முக்கியம்.

வைட்டமின் என்றால் மாத்திரை என்ற எண்ணமே தவறான இடத்தில் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் ஒருவகை ரத்தசோகையைப் பற்றி ஆராயத்தான் வந்தார். சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் இருந்தார். கடைசியில் மருந்தாக வந்து நின்றது விலை மலிவான ஈஸ்ட் சாறு. 1931இல் அதை எழுதினார். அதில் இருந்த சங்கதிக்குப் பிற்காலத்தில் ஃபோலேட் என்று பெயர் வந்தது. ஆலைத் தொழிலாளியின் ரத்தத்தைத் திருத்தியது ஒரு நுண்ணுயிரின் உடம்பில் இருந்து வந்த சாறு. ராஜபாளையம் மில் பெண்கள் கர்ப்பக் காலத்தில் வாங்கி விழுங்கும் ஃபோலிக் அமில மாத்திரைக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. நுண்ணுயிர் என்றாலே "99.9 சதவீதம் கொல்லும்" என்று விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

சரி, கழிவுநீருக்கு வருவோம். உலகம் முழுக்க நகரச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் 'கிளர்வுற்ற சகதி' முறை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவரால் அறிவிக்கப்பட்டது. அவர்கள் என்ன புது பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள்? ஒன்றும் இல்லை. சாக்கடைத் தண்ணீருக்குள் காற்றை ஊதினார்கள். அடியில் தங்கிய சகதியைத் தூக்கி எறியாமல் அப்படியே வைத்துக்கொண்டு, தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடுத்த தொட்டித் தண்ணீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப. முதல் தடவை வாரக்கணக்கில் ஆன வேலை, கடைசியில் சில மணி நேரத்தில் முடிந்தது. தந்திரம் முழுவதும் இதுதான்: பழைய தெருவைக் கலைக்காதே. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் இரண்டே வருடத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். ஆக, இந்தச் சங்கதி இந்தியாவுக்கு வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் "எந்த பிராண்டு பாக்டீரியா நல்லது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சகதியில் பி12 இருக்கிறது என்பதும் புதுச் செய்தி அல்ல. 1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் அளந்து பார்த்துவிட்டார்கள். அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்றுகூட முயன்றார்கள். மனிதனின் பெருங்குடலிலேயே பாக்டீரியாக்கள் பி12 செய்கின்றன. ஆனால் மனித உடம்பு அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது அதற்கு முந்தின ஸ்டாப். பஸ் போன பிறகு ஏறுகிற பயணி மாதிரி அந்த வைட்டமின் வெளியே போய்விடுகிறது. மனிதனுக்கு நஷ்டம், டேங்குக்கு லாபம்.

பொடி வியாபாரிகளின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை மறைப்பது நியாயம் இல்லை. வெளிநாடுகளில் நிலத்தடி நீரில் கலந்துவிட்ட குளோரின் கரைப்பான்களை ஒழிக்க டிஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவை வெளியில் இருந்து கொண்டுபோய் விடுகிறார்கள், அது நன்றாக வேலை செய்கிறது. உண்மை. ஆனால் அந்த பாக்டீரியாவுக்கு அந்த வேலையைச் செய்ய பி12 வேண்டும். அதற்கு பி12 செய்யத் தெரியாது! தனியாக விட்டால் முடங்கிவிடும். அதனால் அங்கே களத்தில் இறக்குவது ஒற்றை ஹீரோவை அல்ல. பல இனங்கள் சேர்ந்து வாழும் கலவையை, திரவமாக, காற்றுப் படாமல். பொடிக்காரர்கள் காட்டும் மிகச் சிறந்த சாட்சியே அவர்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது.

ராஜபாளையத்துக்கு இதில் தனிக் கதை உண்டு. நூற்பு மில்கள் ஒரு பக்கம். சத்திரப்பட்டி வட்டாரத்தில் விசைத்தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி இன்னொரு பக்கம். தறியில் இருந்து இறங்கும் துணி ரத்தத்தை உறிஞ்சாது. பஞ்சின் மெழுகும், பாவுக்குப் போட்ட கஞ்சியும் அதில் ஒட்டியிருக்கும். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அலசினால்தான் அது ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். அலசிய தண்ணீரில் கஞ்சியும் காரமும் வெளுப்பு மருந்தின் மிச்சமும் இருக்கும். நைட்ரஜனும் பாஸ்பரசும் கிட்டத்தட்ட இருக்காது. அதனால் இம்மாதிரிக் கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டிகளில் யூரியாவும் டி.ஏ.பி.யும் போடுவது வழக்கம். வயலுக்குப் போடுகிற அதே மூட்டைதான். அதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வெறும் சோறும் உப்பும் போட்டு வளர்த்த பிள்ளை எப்படி இருக்கும்? கோபால்ட், நிக்கல் போன்ற துளி உலோகங்கள் குறைந்தால் மீத்தேன் தொட்டிகள் மந்தமாகிவிடும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். 1990களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிகளில் வைட்டமின்களையே போட்டுப் பார்த்தார்கள். சிலது பலன் தந்தது, சிலது தரவில்லை. (இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது "டேங்க் டானிக் - பி12 கலந்தது" என்று கடை போட்டால் அந்தப் பாவம் இந்தக் கட்டுரையைச் சேராது.)

டானிக்கும் வேண்டாம். ஊரின் வீட்டுக் கழிவிலேயே அத்தனையும் இருக்கிறது. காரத்தைச் சரிப்படுத்தி, குளோரினைப் போக்கி, பிறகு ஊர்க் கழிவோடு அளவாகச் சேர்த்தால் கஞ்சித் தண்ணீருக்கும் சாப்பாடு, தெருவுக்கும் சாப்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதேதான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் பெருமையைப் பேசுபவர்கள், பால்கோவா கிண்டிய வாணலியைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று பேசுவதில்லை. பாலும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் சீக்கிரம் புளிக்கும், காற்றை உறிஞ்சித் தீர்க்கும். தனியாக விட்டால் தொட்டியில் நூல் நூலாக வளரும் பாக்டீரியாக்கள் பெருகி, சகதி அடியில் தங்காமல் மேலே மிதந்து வழிந்துவிடும். ஊர்க் கழிவோடு கலந்து, காற்றும் ஒழுங்காகக் கொடுத்தால் அந்தப் பாலே நல்ல தீனி.

2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தில் 1.30 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம் பேர். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவு என்ற பொறியியல் கணக்கில் போட்டால் ஒரு நாளைக்கு ராஜபாளையத்துக்கு 1.4 கோடி லிட்டர், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 81 லட்சம் லிட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து அய்யனார் கோயில் வழியாகத் தெளிவாக இறங்கி வரும் தண்ணீர், ஊருக்குள் நுழைந்து வெளியே வரும்போது இந்த உருவத்தில் வருகிறது. இரண்டு ஊரும் வைப்பாற்றுப் படுகையில்தான் இருக்கின்றன. வழியில் கண்மாய்கள், அதற்கும் கீழே இருக்கன்குடி. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆற்றில் முங்குகிறவர்களுக்கு மேலே இருந்து என்ன வருகிறது என்று யார் சொல்வது?

இந்த 1.4 கோடி லிட்டரைப் பற்றிப் பேசும்போது அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் தெரிந்த ஒரே மொழி கான்கிரீட். எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர் குழாய், யார் திறந்துவைத்தார். சுத்திகரிப்பு நிலையத்தில் முக்கியமான பொருள் கான்கிரீட் இல்லை. தொட்டிக்குள் இருக்கும் பழுப்பு நிறச் சகதிதான் முக்கியம். டெண்டரில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. கரண்ட் பில் மிச்சம் என்று ராத்திரி ஊதுகுழல் மோட்டாரை நிறுத்தினால் முதலில் அடிவாங்குவது அம்மோனியாவைத் தின்னும் கூட்டம். ஈ.கோலை நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவர்கள் இரட்டிக்க ஒரு நாள்கூட ஆகலாம். தொலைத்தால் திரும்ப வர வாரக்கணக்கில் ஆகும். அப்போது ஒருவர் பாக்கெட்டோடு வந்து நிற்பார். மோட்டாரை ஓட்டாமல் பொடியைத் தூவுவது, சோறு போடாமல் பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுகிற கதை.

ப்ளீச்சிங் பவுடர் விஷயம் இதைவிட மோசம். மந்திரி வருகிறார் என்றால் சாக்கடை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. டெங்கு வந்தால் வெள்ளைக் கோடு. திருவிழா என்றால் வெள்ளைக் கோடு. அது சாக்கடைக்குப் போட்ட திருநீறு, அவ்வளவுதான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். வீட்டுக்குள்ளும் இதே பக்திதான்: ஆசிட்டும் பினாயிலும் பாட்டில் பாட்டிலாகக் கக்கூஸில் ஊற்றினால் அது நேராக டேங்கில் இருக்கும் தெருவின் தலையில் விழுகிறது. மேலே கொன்றுவிட்டு, கீழே உயிர் கொடுக்கப் பாக்கெட் வாங்குவது எந்த ஊர் விஞ்ஞானம்?

இது வெறும் நாற்றப் பிரச்சினை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆசிட் குடித்த டேங்கில் மலம் சரியாகச் செரிக்காது. செரிக்காத டேங்க் சீக்கிரம் நிரம்பும், கட்டியாகும், குழாய் அடைக்கும். லாரியின் குழாய் உறிஞ்சாத இடத்தில் "ஒரு ஆள் இறங்கினால் போதும்" என்று யாரோ சொல்வார்கள். அந்த ஆள் எந்தச் சமூகத்தில் இருந்து வருவார் என்று ஊருக்கே தெரியும். 2013 சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் அப்படி இறக்குவதைத் தடை செய்துவிட்டது. 1993இல் இருந்து இப்படிச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்த்த வேண்டி வந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். டேங்குக்குள் இருக்கும் கூட்டத்தைக் காப்பாற்றுவது பூச்சி புழு மேல் வந்த கருணை இல்லை. அந்த ஆள் இறங்க வேண்டிய நாளைத் தள்ளிப்போடும் வேலை.

புதுச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டத் தொடங்கும்போது "கல்ச்சர் வாங்க வேண்டும்" என்று ஒரு பில் வரும். அப்போது கவுன்சிலர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். மதுரை அவனியாபுரத்தில் ஓடுகிற சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே தினமும் மிஞ்சும் உயிருள்ள சகதியை என்ன செய்வது என்று அவர்களுக்கே தலைவலி. ஒரு டேங்கர் லாரி நிறையப் பிடித்து வந்தால் கறிவேப்பிலை மரத்தோடு சேர்த்துத் தெருவே வந்து இறங்கிவிடும். கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் 85 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு, இரண்டரை மணி நேரம். டீசல் காசு எவ்வளவு ஆகும்?